கிழக்கு மாடத்தில் இருந்தவரின் பெயரை எழுதி வையுங்கள்

பூம்புகார், மேலையூர்ப் பகுதியின் தொல்லியல் இடங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் உறையூர்க்காரன். திருச்சியில் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். புரூஃப் பார்ப்பவன் என்றால் எல்லோருக்கும் புரியும். இந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். எந்த ஊரில் அச்சானது, எந்த வருடம், யார் கேட்டு யார் போட்டார்கள் என்பதெல்லாம் பழைய புத்தகங்களில் அங்கேதான் இருக்கும். இந்த மடலை எழுத வைத்தவையும் அப்படிச் சில கடைசிப் பக்கங்கள்தான். ஏறக்குறைய 1,500 வருடங்களுக்கு முன்னால் எழுதப்பட்டவை. எழுதியவர் எங்கள் ஊர்க்காரர். எழுதிய ஊர் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளைப் பூம்புகாருக்கு அழைத்துப் போயிருந்தேன். கடற்கரை, சிலப்பதிகாரக் கலைக்கூடம் எல்லாம் பார்த்துவிட்டு, பல்லவனீச்சரம் பக்கம் இருக்கும் புத்த விகாரை இடத்துக்கு வந்தோம். தரை மட்டத்துக்கு நிற்கும் செங்கல் சுவர்கள், வரிசையாகச் சின்ன அறைகள். நல்ல வெயில். மகள் ஓர் அறையைக் காட்டி, "இதுல யாருப்பா இருந்தாங்க?" என்றாள். "பிக்குகள் இருந்தாங்கம்மா" என்றேன். "அவங்க பேரு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பழைய காலத்தில் யார் பெயர் தெரியப் போகிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு. ஒருவருடைய பெயர் தெரியும். பெயர் மட்டுமா, அவர் சொந்த ஊர், அவர் தங்கியிருந்த விகாரையைக் கட்டியவர் பெயர், அந்த விகாரையில் அவர் இருந்தது எந்தப் பக்கத்துக் கட்டடம் என்பது வரைக்கும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் புத்ததத்தர். காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. அவருடைய நூல்கள் அவரை 'உரகபுரத்தவர்' என்று சொல்கின்றன. உறையூரைத்தான் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பிறந்து, கடல் கடந்து, இலங்கையில் அநுராதபுரத்து மகாவிகாரையில் படித்தார். அப்புறம் சோழ நாட்டுக்குத் திரும்பிவந்து, காவிரிக் கரை விகாரைகளில் உட்கார்ந்து பாலியில் எழுதினார். அபிதம்மாவதாரம், ரூபாரூபவிபாகம், விநயவிநிச்சயம், உத்தரவிநிச்சயம் ஆகிய நூல்கள் அவருடையவை. புத்தர்களின் வரலாற்றைச் சொல்லும் புத்தவம்சத்துக்கு எழுதப்பட்ட மதுரத்தவிலாசினி என்ற உரையும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

இவரைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குக் கிடைத்தது நாலைந்து வரிதான். அப்புறம் பாலி தெரிந்த ஒரு பெரியவர், பக்கத்தில் உட்காரவைத்து, அபிதம்மாவதாரத்தின் முடிவுரைப் பாட்டுகளைச் சொல்லுக்குச் சொல் பிரித்துச் சொன்னார். அன்று நான் எழுதிக்கொண்டதை இங்கே தருகிறேன். ஆணும் பெண்ணும் நெருங்கித் திரியும் ஊர். செழித்த ஊர். ஒரு குறையும் இல்லாத ஊர். தெளிந்த வெண்மையான நீர் உடையது. பலவகை மணிகள் நிறைந்தது. விதவிதமான கடைகளால் நெரிசலானது. பூங்காக்களால் அழகானது. கயிலைச் சிகரம் போன்ற மாடங்கள் உடையது. அந்தக் காவேரிப்பட்டினத்தில், கண்ஹதாசர் கட்டிய விகாரையில், அழகிய மதிலும் கோபுர வாசலும் உள்ள அந்த இடத்தில், கிழக்கு மாடத்தில் தங்கியிருந்து இதை எழுதினேன்.

காவேரிப்பட்டினம் என்பது பூம்புகார்தான். 'பாசீன பாசாதம்' என்பது பாலிச் சொல். கிழக்குப் பக்கத்து மாடம். பெரியவர் அதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கிழக்கு என்றால் அந்த ஊரில் கடல் இருக்கும் திசை. அன்றைக்கு என் மகள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு துல்லியமாக ஒருவர் பதில் எழுதி வைத்திருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேலையூரில் தோண்டி எடுத்த கட்டடம்தான் கண்ஹதாசர் கட்டிய விகாரை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. அந்தப் பட்டினத்தில் விகாரைகள் பல இருந்தன. சிலப்பதிகாரமே ஏழு இந்திர விகாரங்களைச் சொல்கிறது. ஆனால் ஊர் அதுதான். 1960களில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட அந்த விகாரைக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காலம் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு. புத்ததத்தர் அந்த ஊரில் நடமாடிய காலமும் அதுதான். அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்த சுண்ணாம்புக்கல் புத்த பாதத்துக்கும், தியானத்தில் அமர்ந்த சிறிய வெண்கல புத்தருக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மனிதக் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. செங்கல்லும் கல்லும் கிடைக்கிற இடங்கள் நம் நாட்டில் நிறைய. அங்கே வாழ்ந்த ஒருவர் தன் வாயால் அந்த ஊரைச் சொல்லிக் கிடைப்பது அபூர்வம்.

இந்தப் பாட்டில் எனக்கு உறுத்துகிற ஒரு சொல்லும் இருக்கிறது. ஊரில் இருந்த குடும்பங்களைச் சொல்லும்போது 'கலப்பில்லாத குலங்கள்' என்று ஒரு அடைமொழி வருகிறது. ஒரு பிக்கு இதைப் புகழ்ச்சியாக எழுதியிருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. ஆனாலும் அதை நான் மறைக்க மாட்டேன். நீங்களும் எழுதி வைத்தால் வெட்டாமல் எழுதுங்கள். மூலத்தில் இருப்பதைத் திருத்துவதற்கு மெய்ப்புப் பார்ப்பவனுக்கு உரிமை இல்லை.

சரி, கட்டியவர் பெயருக்கு வருகிறேன். கண்ஹன் என்பது கிருஷ்ணன் என்பதன் பாலி வடிவம். கண்ஹதாசர் என்றால் நம் வாயில் கண்ணதாசர். இதே புத்ததத்தர் விநயவிநிச்சயத்தை எழுதியது பூதமங்கலம் என்ற ஊரில். மன்னார்குடி வட்டாரத்துப் பூதமங்கலம்தான் அது என்று கருதுகிறார்கள். அங்கே விகாரை கட்டிக் கொடுத்தவர் வெண்ஹுதாசர். வெண்ஹு என்றால் விஷ்ணு. நம் பழைய தமிழில் விண்டு என்போமே, அதுதான். ஆக, ஒரு கண்ணதாசரும் ஒரு விண்டுதாசரும் கட்டிக் கொடுத்த புத்த விகாரைகளில் உட்கார்ந்து, உறையூர்ப் பிக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். திருமாலின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் புத்தருக்கு மாடம் கட்டினார்கள். அவர்கள் வீட்டில் யாரைக் கும்பிட்டார்கள் என்பதை இந்தப் பாட்டுகள் சொல்வதில்லை. பெயர்களை மட்டும் நன்றியோடு சொல்கின்றன. எனக்கு அந்தப் பெயர்களே போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பூம்புகாருக்குக் கூட்டி வரும் ஆசிரியர்கள் இதை மட்டும் சொன்னால் கூடப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பூதமங்கலத்தை அவர் சொல்லும் விதம் இன்னும் நெருக்கமானது. காவிரி நீர் பாய்ந்து தூய்மையான மண். மதிலும் அகழியும் சூழ்ந்த விகாரை. தாமரை மண்டிய குளம். சுவையான தண்ணீர் நிறைந்த கிணறுகள். பறவைக் கூட்டங்களுக்கு இன்பமான இடம். உயரமான மண்டபம். தரையைப் பிளந்துகொண்டு மேலே கிளம்பியது போல நின்ற தூபி. கிணற்றுத் தண்ணீரின் சுவையை ஒருவர் நூலின் முடிவில் எழுதுகிறார் என்றால், அந்தத் தண்ணீரைத் தினமும் குடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அதே முடிவுரையில்தான் ஒரு அரசன் பெயரும் வருகிறது. அச்சுதவிக்கந்தன் இந்த மண்ணை ஆண்டபோது இந்த நூலைத் தொடங்கி, அவன் ஆண்டபோதே முடித்தேன் என்கிறார் புத்ததத்தர். அவனைக் கலம்ப குலத்தவன் என்கிறது பாட்டு. கலப்ப குலம் என்றும் பாடம் உண்டு. களப்பிரரைத்தான் இது சொல்கிறது என்பது வரலாற்று அறிஞர்கள் கருத்து. பழைய யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தியில் அச்சுதனைப் புகழும் பாட்டுகள் மேற்கோளாக வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். என் வயதுக்காரர்கள் களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். நானும் எழுதியிருக்கிறேன். அந்த இருட்டில்தான் ஒருவர் தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் துறவிகளின் ஒழுக்க விதிகளை எழுதி முடித்திருக்கிறார். அரசன் பெயரைச் சொல்லி நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். களப்பிரர் காலத்துக்குச் சான்றுகள் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஒருவரின் வாக்குமூலம் இது. இதை நாம் கொண்டாட வேண்டாமா?

அவர் செய்த வேலை என்ன என்பதையும் சொல்கிறேன். நான் வேலை செய்யும் துறைக்கு அது மிகவும் பக்கத்தில் வருகிறது. பௌத்த மூல நூல்களான திரிபிடகத்துக்குப் பெரும் பெரும் உரைகள் எழுதியவர் புத்தகோசர். அவை ஒரு மாணவன் மனப்பாடம் செய்து முடிக்கிற அளவில் இல்லை. புத்ததத்தர் அந்தப் பரப்பைச் சுருக்கிப் பாட்டாக்கினார். துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் பிக்குகளுக்கு 227 விதிகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ வழக்குகள், விலக்குகள். கொடுக்காத பொருளை எடுத்தல் என்ற ஒரே ஒரு குற்றத்தைப் பாருங்கள். எடுத்த பொருள் ஐந்து மாசக (அந்தக் கால நாணயம்) மதிப்பை எட்டிவிட்டால் அவர் பிக்குவே இல்லை. அதற்குக் குறைந்தால் குற்றத்தின் எடை வேறு. பொருளை இருந்த இடத்திலிருந்து அசைத்தாரா, தூக்கினாரா, தனக்கென்று எண்ணித்தான் எடுத்தாரா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் ஏடு இல்லாமல் நாவிலேயே வைத்துக்கொள்கிற மாதிரி செய்து கொடுப்பது சாதாரண வேலையா? ஒரு வார்த்தை கூடினால் யாப்பு இடிக்கும். ஒரு வார்த்தை குறைந்தால் விதி மாறிவிடும்.

அவர் வெறுமனே சுருக்கியவரும் இல்லை. உள்ளதையெல்லாம் உருவம், உணர்ச்சி என்று தொடங்கும் ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாகப் பிரித்து விளக்குவது புத்தகோசர் விசுத்திமக்கம் என்ற தம் நூலில் போன வழி. புத்ததத்தர் அபிதம்மாவதாரத்தின் தொடக்கத்திலேயே சித்தம், சேதசிகம், ரூபம், நிப்பாணம் என்று நாலாகப் பிரிக்கிறார். மனம், மனத்தோடு சேர்ந்து எழுபவை, பருப்பொருள், விடுதலை. இந்த நாலு பிரிவைத்தான் பின்னால் வந்த அநுருத்தர் தம் அபிதம்மத்தசங்கஹம் என்ற நூலின் சட்டகமாக எடுத்துக்கொண்டார். மியான்மரில் இன்றைக்கும் சின்னப் பையன்களாக மடத்தில் சேர்பவர்கள் அபிதம்மத்தை, அதாவது மனத்தையும் பொருளையும் பகுத்துச் சொல்லும் பௌத்தத் தத்துவத்தை, அந்தச் சிறு நூலில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் காலையில் உரக்கச் சொல்லிப் பழகும் நாலு சொற்கள், காவிரிப்பூம்பட்டினத்துக் கிழக்கு மாடத்தில் அதே வரிசையில் எழுதப்பட்டவை. எங்கள் உறையூர்த் தெருவில் போகிறவர்களை நிறுத்தி இந்தப் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

புத்தகோசரையும் இவரையும் சேர்த்து ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைதான், வரலாறு என்று நான் அதைத் தரவில்லை. புத்ததத்தர் இலங்கையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார். புத்தகோசர் இலங்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நடுக்கடலில் இரண்டு கப்பலும் சந்திக்கின்றன. எதற்காகப் போகிறீர்கள் என்று இவர் கேட்க, சிங்கள மொழியில் இருக்கும் உரைகளை மாகதிக்கு, அதாவது பாலிக்குக் கொண்டுவரப் போகிறேன் என்கிறார் அவர். தன்னால் முடிக்க முடியாத வேலையை இன்னொருவர் செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் புத்ததத்தர் தன் கையில் இருந்த இரும்பு எழுத்தாணியையும், ஒரு கடுக்காயையும், அதை இழைக்க ஒரு கல்லையும் கொடுத்தனுப்புகிறார். கண் வலித்தாலும் முதுகு வலித்தாலும் கடுக்காயைக் கல்லில் இழைத்துத் தடவிக்கொள்ளுங்கள், வலி போய்விடும் என்கிறார். உரை முடிய முடிய எனக்கு அனுப்புங்கள், நான் சுருக்கித் தருகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டதாக இன்னொரு பழைய உரை சொல்கிறது.

கதை நடந்ததோ இல்லையோ, அதைக் கட்டியவர் எழுத்து வேலை தெரிந்தவர். நாள் முழுக்கக் குனிந்து எழுத்தைப் பார்ப்பவனுக்கு முதலில் போவது கண், அடுத்தது முதுகு. எனக்கு ஐம்பது வயது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது.

1915இல் அபிதம்மாவதாரத்தை லண்டன் பாலி நூல் கழகம் அச்சிட்டது. பதிப்பித்தவர் இலங்கை அம்பலாங்கொடையைச் சேர்ந்த பிக்கு. அவர் பெயரும் புத்ததத்தர்தான். உறையூர்க்காரரின் பெயரைத் தாங்கிய ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து அவரை உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். இந்தப் பக்கம் நாம் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். மேலையூர் விகாரை இடத்தில் ஒரு கல் வையுங்கள். பெரிய சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஒரு பிள்ளை நின்று படிக்கிற உயரத்தில் ஒரு கல் போதும். அதில் அந்தக் காவேரிப்பட்டினப் பாட்டைப் பாலி மூலத்தைத் தமிழ் எழுத்திலும், அதன் பொருளை எளிய தமிழிலும் வெட்டுங்கள். "இந்தக் கட்டடம்தான் அது என்பதற்குச் சான்று இல்லை, இந்த ஊர்தான் அது" என்ற வரியையும் சேர்த்து வெட்டுங்கள். உண்மையைச் சொன்னால் அந்த இடத்துக்கு மதிப்பு குறையாது. இந்திரவிழா பார்க்க வருகிறவர்கள், பள்ளிச் சுற்றுலா வருகிறவர்கள், இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் எப்போதாவது வந்து நிற்கும் பிக்குகள், எல்லோரும் ஒரே கல்லைப் படிக்கட்டும்.

கூடவே ஒரு சின்னக் கையேடு வேண்டும். முப்பது பக்கம் போதும். புத்ததத்தரின் முடிவுரைப் பாட்டுகள், கண்ஹதாசர், வெண்ஹுதாசர், அவரைக் கேட்டு எழுதவைத்த சுமதி, புத்தசீகர் என்ற பிக்குகளின் பெயர்கள், அச்சுதன் பற்றிய வரி, அகழாய்வில் கிடைத்தவற்றின் படங்கள். இதைப் பத்து ரூபாய்க்கோ இருபது ரூபாய்க்கோ அங்கேயே கொடுக்கலாம். அவர் நூல்கள் முழுவதும் தமிழுக்கு வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. அது பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது, உங்கள் தலையில் அதைக் கட்ட மாட்டேன். முடிவுரைப் பாட்டுகளை மட்டுமாவது நீங்கள் கொண்டுவாருங்கள். ஊரைப் பற்றியவை அவை. ஊர் உங்களிடம் இருக்கிறது.

பூதமங்கலத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குளங்களைத் தூர்வாரும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது பழைய செங்கல் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள். மதில், அகழி, கிணறு, தூபி என்று அவர் அடையாளம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கல்லில் வெட்டுவதற்கு முன்னால் வாசகத்தைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். கூலி வேண்டாம், பஸ் செலவும் வேண்டாம். கல்லில் பிழை விழுந்தால் திருத்த முடியாது என்பதால் மூன்று முறை பார்ப்பேன். அவர் பெயரில் 'த' எத்தனை வரவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி. திறக்கும் நாளை முன்கூட்டியே சொன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு.

இப்படிக்கு,
உறையூரிலிருந்து
மெய்ப்புத் திருத்தும் ஒருவன்